படுவான்கரைக்குத் தொண்டு வேலைக்கு வருகிறீர்களா? வீசா முதல் ஒப்படைப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவிலும் லண்டனிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர், "ஊருக்கு வந்து கிராமத்தில் கொஞ்சக்காலம் வேலை செய்ய வேண்டும், எப்படித் தொடங்குவது?" என்று கேட்கிறார்கள். சென்னையிலிருந்தும் கேட்கிறார்கள். படுவான்கரை என்பது இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு வாவியின் (கடலேரியின்) மேற்குப் பக்கம். மட்டக்களப்பின் கிராமச் சங்கங்களோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் அவர்களுக்கு நான் சொல்வது இரண்டு விஷயங்கள்தான். என்ன வேலை என்பதை ஊரிடம் கேட்டு எடுங்கள். நீங்கள் போன பிறகு அதை யார் கொண்டுபோவார் என்பதைத் தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள். கீழே உள்ளதெல்லாம் இந்த இரண்டையும் நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதுதான். அம்பாறை மாவட்டத்தின் நாவிதன்வெளி, திருக்கோவில், ஆலையடிவேம்பு பக்கம் போகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு உதவி வெள்ளம்போல் வந்தது. உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள் அதில் ஏராளம். ஆனால் கடலுக்கே போகாதவருக்கும் படகு கிடைத்தது. வாவியில் தோணி வைத்துப் பிழைத்தவருக்கு வலை கிடைக்கவில்லை. மூன்று நாள் ஊரில் உட்கார்ந்து விசாரித்திருந்தால் யார் கடல் மீனவர், யார் வாவி மீனவர் என்று ஒரு சிறுபிள்ளையே சொல்லியிருக்கும்.

முதற்படி: எவ்வளவு காலம் தர முடியும் என்று முடிவெடுங்கள்

இரண்டு வாரம் இருந்தால் வாருங்கள், ஊரைப் பாருங்கள், சொந்தங்களோடு இருங்கள். அதைத் தொண்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த இரண்டு வாரமும் உங்களைக் கவனிப்பதிலேயே ஒரு சங்கத்தின் செயலாளருக்குப் போய்விடும். கிராம வேலை என்றால் குறைந்தது ஒரு போகம், அதாவது நான்கு ஐந்து மாதம் வேண்டும் என்பது என் கணக்கு. முதல் மாதம் ஊரைத் தெரிந்துகொள்ளவும், கடைசி மாதம் ஒப்படைக்கவும் போகும். நடுவில் உள்ளதுதான் வேலைக்காலம்.

அவ்வளவு காலம் தர முடியாதவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்யக்கூடியது உண்டு. ஐக்கிய நாடுகள் தொண்டர் அமைப்பு, 1970இல் தொடங்கி இப்போது ஜெர்மனியின் பொன் (Bonn) நகரில் தலைமையகம் வைத்திருப்பது, இணையவழித் தொண்டுக்கென்றே தனி வாசல் வைத்திருக்கிறது. அதற்கும் போகாமல், தெரிந்த ஒரு கிராமச் சங்கத்தின் நிதி விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் திருத்திக் கொடுப்பது, கணக்கை எக்செலில் போடப் பழக்குவது, சாதாரண தர (O/L) பொதுப் பரீட்சைப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் ஆங்கிலம் படிப்பிப்பது, இவை எல்லாமே பெரிய உதவி. அரைகுறையாக வந்து போவதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம், கையில் என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். "என்ன வேலையும் செய்வேன்" என்பவரைவிட "கணக்கு எழுதத் தெரியும்", "பம்ப் திருத்தத் தெரியும்", "கால்நடை வைத்தியம் படித்தேன்" என்பவருக்குத்தான் ஊரில் உடனே வேலை கிடைக்கும். தண்ணீர் தொழில்நுட்பம், கணக்கியல், தாதியம் (நர்சிங்), விவசாயம், உணவு பதனிடல், இயன்மருத்துவம் (பிசியோதெரபி) எல்லாவற்றுக்கும் இங்கே தேவை இருக்கிறது.

இரண்டாம் படி: மாதத்தைப் பார்த்து வாருங்கள்

வாவிக்குக் கிழக்கே கடற்கரையை ஒட்டி இருப்பது எழுவான்கரை. நகரம், பாடசாலை, ஆஸ்பத்திரி எல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கம். மேற்கே இருப்பது படுவான்கரை: வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று வயலும் குளமும் காடுமாகப் போகும் நிலம். கிராம அபிவிருத்தி வேலை அதிகம் தேவைப்படுவது இங்கும், வடக்கே கிரான், வாகரைப் பக்கமும்தான்.

இங்கே நாட்காட்டியை எழுதுவது மழையும் வேளாண்மையும். வடகீழ்ப் பருவமழை நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டும். பெரும்போகத்துக்குப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பார்கள்; தை தொடங்கிப் பங்குனிக்குள் வேளாண்மை வெட்டு முடியும். சிறுபோகம் சித்திரையில் தொடங்கும், ஆனால் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களின் தண்ணீர் பாயும் இடங்களில் மட்டும். மானாவாரி வயல்கள் அப்போது சும்மா கிடக்கும்.

விதைப்புக் காலத்திலும் வெட்டுக் காலத்திலும் கூட்டம் வைத்தால் ஆள் வராது. ஆண்கள் வட்டையில் (வயல்வெளியில்) வாடி (குடிசை) கட்டி அங்கேயே தங்கிவிடுவார்கள். மழைக்காலத்தில் கிணறு வெட்ட முடியாது, தாழ்ந்த பாதைகள் மூடிக்கொள்ளும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும், அந்த நாட்களில் ஊருக்கு வேறு நினைப்பு இராது. அந்த நேரம் பார்த்து "பயிற்சிப் பட்டறை" போடுகிற நிறுவனங்களைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். முதல் தடவை வருபவர்களுக்குப் பங்குனி கடைசியில் வந்து ஆவணி வரை நிற்பது நல்லது. வெட்டு முடிந்து கையில் கொஞ்சம் நேரமும் காசும் இருக்கும், பாதையும் காய்ந்திருக்கும். வெயில் கடுமையாக இருக்கும், அதைத் தாங்கத்தான் வேண்டும்.

மூன்றாம் படி: யாருடைய கையைப் பிடித்து வருவது

தனியாக வந்து கிராமத்தில் இறங்கி வேலை தொடங்குவது சட்டப்படியும் சரியில்லை, ஊருக்கும் நல்லதில்லை. ஓர் அமைப்பு வேண்டும். இலங்கையில் தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்வது 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்; அதற்கு அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம் கொழும்பில் இருக்கிறது. பதிவு இலக்கத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம். நேர்மையான நிறுவனம் கேட்டதும் தரும். சர்வோதயம் போல 1958 முதல் இயங்கும் பெரிய அமைப்புகளும் உண்டு, நகரத்தில் பத்துப் பேரோடு இயங்கும் பெண்கள் அமைப்புகளும் உண்டு. பெரியதா சிறியதா என்பதைவிட, படுவான்கரையில் வாரம் எத்தனை நாள் நிற்கிறார்கள் என்பதையே பாருங்கள்.

நிறுவனத்தோடு வீடியோவில் பேசும்போது கேட்க வேண்டியவை: என் வேலையை மேற்பார்ப்பவர் யார், அவர் உள்ளூர்க்காரரா? இந்த வேலையைக் கேட்டது எந்தச் சங்கம்? எனக்கு முன்பு யாராவது வந்தார்களா, அவர் தொடங்கியது இப்போது எந்த நிலையில் இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை ஊன்றிக் கேளுங்கள். "அது அப்படியே நின்றுபோயிற்று" என்று ஒளிக்காமல் சொல்லி, ஏன் நின்றது என்றும் விளக்குகிற நிறுவனத்தை நம்பலாம்.

பெருந்தொகை வாங்கிக்கொண்டு இரண்டு வாரத் 'தொண்டு அனுபவம்' தரும் முகவர்களிடம் போக வேண்டாம். சிறுவர் இல்லங்களில் சில வாரம் தங்கிப் பிள்ளைகளோடு விளையாடும் திட்டங்களுக்கு நான் முற்றாகவே எதிர். அந்த இல்லங்களில் உள்ள பல பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். வறுமைதான் அவர்களைப் பிரித்தது. புது முகம் ஒன்று வந்து பாசம் காட்டி மூன்றாம் வாரம் காணாமற்போவது அந்தப் பிள்ளைக்கு இன்னோர் இழப்பு. அந்தப் பணத்தில் ஒரு தாய்க்குக் கோழி வளர்க்க உதவினால் பிள்ளை வீட்டிலேயே இருக்கும்.

நான்காம் படி: வீசா

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுற்றுலா வீசாவில் வந்து வேலை செய்யக் கூடாது; சம்பளம் இல்லாத வேலைக்கும் அதே விதிதான். ஆகவே உங்களை அழைக்கும் நிறுவனம் முன்கூட்டியே வதிவிட வீசாவுக்கு ஒழுங்கு செய்ய வேண்டும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் பத்தரமுல்லையில் இருக்கிறது. கடிதப் போக்குவரத்துக்கு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். கட்டணமும் படிவங்களும் அடிக்கடி மாறுவதால் திணைக்களத்தின் இணையத்தளத்தை மட்டும் நம்புங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. "சொந்த ஊர்தானே, யார் கேட்கப்போகிறார்" என்று வர வேண்டாம். நீங்கள் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள். விசாரணைக்குப் பதில் சொல்ல இங்கே நிற்பது அந்தச் சங்கத்தின் தலைவி.

ஐந்தாம் படி: உடம்பும் பெட்டியும்

இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. டெங்கு இருக்கிறது, நுளம்புக்கு எதிரான களிம்பும் வலையும் வேண்டும். வயல் வேலைக்காரருக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. சேற்றில் இறங்கும் வேலை என்றால் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். காலில் புண்ணோடு வயலில் இறங்க வேண்டாம். காய்ச்சல் வந்தால் பெனடோல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்காமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அரச ஆஸ்பத்திரியிலும் வைத்தியம் இலவசம்.

யானையைப் பற்றிப் புதிதாக வருபவர்கள் நம்புவதில்லை. காட்டை ஒட்டிய ஊர்களில் பொழுதுபட்டதும் யானை வரும். வேலியை உடைக்கும், நெல் வைத்த வீட்டுச் சுவரை இடிக்கும், ஆளையும் அடிக்கும். இரவில் யானையை விரட்டப் போடும் வெடிச் சத்தம் கேட்டால் வெளியே வந்து பார்க்க வேண்டாம். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு காட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிளில் போக வேண்டாம். தங்கும் வீட்டுக்காரர் "இருட்டிப்போச்சு, நில்லு" என்றால் நில்லுங்கள்.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு உதயதேவி ரயில் பகலிலும் மீனகயா ரயில் இரவிலும் ஓடுகின்றன. வாவியைக் கடக்க இப்போது வலையிறவிலும் மண்முனையிலும் பாலம் இருக்கிறது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் ஓடத்துறைகள் உண்டு. முதல் தடவை ஓடத்தில் போங்கள். யார் எதற்காக அக்கரை போகிறார் என்று கேட்டு வந்தாலே ஊரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்: கிளினிக் போகும் கர்ப்பிணி, டியூசன் போகும் பிள்ளை, உர மூட்டையோடு வரும் விவசாயி.

ஆறாம் படி: முதல் இரண்டு வாரம்

வந்த அன்றே கிராம உத்தியோகத்தரிடம் போய்ப் பெயரையும் பாஸ்போர்ட் பிரதியையும் கொடுங்கள். நிறுவனத்தோடு சேர்ந்து பிரதேச செயலகத்திலும் முகம் காட்டுங்கள். அபிவிருத்தி உத்தியோகத்தர், கமநல (விவசாய) சேவை நிலையத்துக்காரர், குடும்பநல மருத்துவ மாது, இவர்கள் ஊரை வீடுவீடாக அறிந்தவர்கள். பிறகு கோயில் தலைவர், கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். யாரை முதலில் பார்த்தீர்கள், யாரை விட்டீர்கள் என்று ஊர் கவனிக்கும்.

"நீ ஆர்ட புள்ள மனே?" (யாருடைய பிள்ளை) என்று ஒரு கிழவி கேட்பார். தகப்பன் பெயர், தாயின் ஊர் எல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். மட்டக்களப்பில் தாய்வழிதான் குடி (வம்சம்) பார்ப்பார்கள். தாயின் ஊரைச் சொன்னால் உறவு கண்டுபிடிப்பது சுலபம். உறவு கிடைத்துவிட்டால் அக்கா, மாமி, அண்ணன் என்று அழைக்கலாம். இல்லாவிட்டாலும் வயதைப் பார்த்து அப்படியே அழையுங்கள். அதிகாரிகளை ஐயா, மெடம் என்பது வழக்கம். ஏறாவூர், காத்தான்குடி, ஓட்டமாவடிப் பக்கம் போனால் மூத்தவரைக் காக்கா என்பார்கள். நோன்பு மாதத்தில் பகல் கூட்டம் வைக்காதீர்கள். தேத்தண்ணி தந்தால் மறுக்க வேண்டாம்.

தமிழ் சரளமாக வராதவர்கள் வெட்கப்படாமல் பேசிப் பழகுங்கள். ஊர் சிரிக்கும், ஆனால் திருத்தித் தரும்.

ஏழாம் படி: வேலையைக் கேட்டு எடுப்பது

இதுதான் முக்கியமானது, அவசரப்படாமல் செய்ய வேண்டியது. மாதர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்துக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். பின்னேரம் மூன்று மணி, பல்தேவைக் கட்டடம், இரவல் பிளாஸ்டிக் கதிரைகள். செயலாளர் சீஆர் கொப்பியை (தடித்த நோட்டுப் புத்தகத்தை) விரித்துச் சென்ற கூட்ட அறிக்கையை வாசிப்பார். பொருளாளர் சேமிப்புக் காசை எண்ணிப் பாஸ் புத்தகத்தில் எழுதுவார். நாலு மணி ஆனதும் பின்வரிசையில் ஐந்தாறு பெண்கள் ஒருவர்பின் ஒருவராக எழும்பிப் போவதைப் பார்ப்பீர்கள். நுண்கடன் கொம்பனிக்காரர் மோட்டார் சைக்கிளில் தவணை சேர்க்க வரும் நேரம் அது. இந்த வாரத் தவணையைக் கட்ட இன்னொரு கொம்பனியில் கடன் எடுத்தவர்கள் அவர்களில் இருப்பார்கள். கூட்ட அறிக்கையில் இது ஒரு வரியும் இருக்காது. ஊருக்குத் தையல் மெசின் வேண்டுமா, கோழிக்கூடு வேண்டுமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அவர்களுக்கோ சங்கத்தின் சுழற்சிக் கடன் நிதி பெருகி, வட்டி குறைய வேண்டும். கணக்கு தெரிந்த ஒரு தொண்டர் அந்தச் சங்கத்தின் பேரேட்டை ஒழுங்காக்கி, நிலுவையை எழுதிக் காட்டி, இன்னும் இரண்டு பெண்களுக்கு அதைப் பழக்கிவிட்டால் அதைவிட நல்ல வேலை இல்லை.

ஆகவே கேட்கும் விதம் வேறாக இருக்க வேண்டும். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றால் பட்டியல்தான் வரும், இருபது வருடமாகக் கேட்டுக் கேட்டு அந்தப் பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம். "நேற்று விடிந்ததிலிருந்து என்ன செய்தீர்கள்?", "தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், ஆவணியில் அந்தக் கிணறு வற்றுமா?", "போன போகம் நெல்லை யாருக்கு விற்றீர்கள், என்ன விலைக்கு?" என்று கேளுங்கள். பெண்களிடம் தனியாக, வளவில் வேலை செய்துகொண்டே பேசுங்கள். போடியார் (பெரிய வயற்காரர்) வீட்டுத் திண்ணையில் கேட்டதையும் கூலிக்குப் போகிறவர் வீட்டில் கேட்டதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே ஊரா என்று தோன்றும்.

கேட்டதில் ஒன்றை மட்டும் எடுங்கள். பழுதான குழாய்க்கிணறுகளைத் திருத்த இரண்டு இளைஞரைப் பழக்குவது. தயிரைச் சட்டியில் வாங்கி நகரத்தில் விற்கும் பெண்களுக்குக் கணக்கும் விலையும் போடப் பழக்குவது. கரடியனாற்றுச் சோளன், வாகரைக் கச்சான் (நிலக்கடலை) போன்றவற்றை உலர்த்திப் பொதி செய்து விற்பது. கமநல நிலையத்துக்கும் பிரதேச சபைக்கும் ஒழுங்காக விண்ணப்பம் எழுதப் பழக்குவது. கடைசியில் சொன்னது சின்னதாகத் தெரியலாம். அரசாங்கத்திடம் கேட்டுப் பெற வேண்டியதை எழுதத் தெரியாமல் இழக்கும் ஊர்கள் இங்கே நிறைய.

எடுத்ததும் சங்கக் கூட்டத்தில் பேசி அறிக்கையில் எழுதுங்கள்: வேலை என்ன, செலவு எவ்வளவு, ஊர் என்ன தரும், உங்களோடு சேர்ந்து பழகும் இருவர் யார், நீங்கள் போகும் திகதி என்ன. ஊரின் பங்கு சிரமதானமாக (கூலியில்லாக் கூட்டு உழைப்பாக) இருக்கலாம், கல்லும் மண்ணுமாக இருக்கலாம். ஊர் எதுவும் தராது என்றால் அந்த வேலை ஊருக்குத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலம், மேய்ச்சல் தரை போன்ற விஷயங்களில் கவனம் வேண்டும். வயல் விதைத்ததும் மாடுகளைக் கொண்டுபோகும் மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக 2023இல் தொடங்கிய போராட்டத்தைப் பற்றிக் கேட்டறியுங்கள். அதை அறியாமல் இங்கே கால்நடை வேலை செய்ய முடியாது. ஆனால் வீசாவில் வந்த விருந்தாளி முன்னால் நின்று பேசினால் அடி விழுவது பின்னால் நிற்கும் ஊருக்கு.

எட்டாம் படி: காசு, படம், வாக்குறுதி

சொந்தக் காசைத் தனி வீடுகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் பக்கத்து வீட்டோடு பகை வரும், அடுத்த நாள் முதல் உங்களோடு யாரும் வேலையைப் பற்றிப் பேச மாட்டார்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் சங்கத்தின் வங்கிக் கணக்கில் போட்டு, கூட்டத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். பிள்ளைகளின் முகம், இழப்புப் பட்ட தாயின் அழுகை, இவற்றை முகநூலில் போடாதீர்கள். அந்தத் தாயின் பேத்தியும் முகநூலில் இருக்கிறாள். போரில் என்ன நடந்தது என்று நீங்களாகக் கிளற வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொண்டு இருங்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து என்று ஏதாவது கண்டால் 1929க்கு அழையுங்கள், பெண்களுக்கு என்றால் 1938க்கு.

"கனடா போய்க் காசு சேர்த்து அனுப்புகிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை நம்பி மூன்று வருடம் அத்திவாரத்தோடு நிற்கும் கட்டடங்கள் இந்தக் கரையில் உண்டு.

ஒன்பதாம் படி: ஒப்படைப்பு

1948இல் அமெரிக்காவிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த யேசு சபைத் துறவிகள் யூஜின் ஹீபர்ட்டும் ஹரி மில்லரும் இங்கேயே வாழ்ந்தவர்கள். ஹீபர்ட் 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து நகரத்துக்கு வரும் வழியில் காணாமற்போனார். அவர் கூடைப்பந்து பழக்கிய பிள்ளைகள் இன்றும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்படி வாழ்நாளைக் கொடுப்பது எல்லாருக்கும் முடியாது. சில மாதம் தருபவர் அந்தக் குறையை ஈடுசெய்ய ஒரே வழி, வேலையை உள்ளூர்க் கையில் விட்டுப் போவதுதான்.

கடைசி மாதம் நீங்கள் எதையும் கையால் செய்ய வேண்டாம். பேரேட்டை அந்த இரு பெண்கள் எழுதட்டும், பம்ப்பை அந்த இளைஞர்கள் கழற்றட்டும். பிழை விட்டால் அவர்களே கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் பேசாமல் இருங்கள். எந்தக் கடையில் என்ன உதிரிப்பாகம், எந்த அலுவலகத்தில் எந்த நாளில் யாரைச் சந்திப்பது, கடவுச்சொல் என்ன, இவை எல்லாம் தமிழில், கையெழுத்தில், சங்கத்தின் கொப்பியில் இருக்கட்டும். உங்கள் லப்டொப்பில் இருப்பது ஊருக்கு இல்லாததற்குச் சமம். கடைசிக் கூட்டத்தில் மீதிக் காசையும் கணக்கையும் வாசித்து, கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் கையெழுத்து வாங்குங்கள்.

போன பிறகு மாதம் ஒரு தடவை வட்சப்பில் பேசுங்கள், ஆறு மாதத்துக்கு. இலங்கை நேரம் இரவு எட்டுக்குப் பிறகு அழைத்தால்தான் பெண்கள் அடுப்பு வேலை முடித்து ஆறுதலாகப் பேசுவார்கள். அது லண்டனுக்குப் பின்னேரம், ரொறொன்ரோவுக்குக் காலை. அழைத்ததும் "வேலை எப்படிப் போகுது?" என்று தொடங்காமல் மழை பெய்ததா, பிள்ளைக்குப் பரீட்சை முடிவு வந்ததா என்று கேளுங்கள். பேரேட்டின் கதை தானாக வரும்.